துறையில் பொதுச் சொற்பொழிவு நடத்த: கோப்பு தொடங்கி கணக்கு முடியும் வரை

துறைக் கூட்டத்துக்கு ஒரு நாள் கால் மணி நேரம் தாமதமாகப் போனேன். உள்ளே நுழைந்தபோது அந்த ஆண்டின் சொற்பொழிவு ஒருங்கிணைப்பாளர் நான்தான் என்று முடிவாகியிருந்தது. வரலாற்றுத் துறையில் அப்படி வந்து சேர்ந்த வேலை இன்னும் என்னை விடவில்லை.

அடுத்து அந்த நாற்காலியில் உட்காரப்போகும் உதவிப் பேராசிரியருக்கும், அவருக்கு உதவும் முனைவர் பட்ட மாணவருக்கும் இதை எழுதுகிறேன். வரலாறு, சமூகவியல், தமிழ், பொருளியல் என்று எந்தத் துறையானாலும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரு கணக்கை மனதில் வையுங்கள். விருந்தினர் பேச 45 நிமிடம், கேள்விக்கு 30 நிமிடம். இந்த 75 நிமிடத்தைத் தின்ன வாழ்த்துரை, பொன்னாடை, மைக், மதியப் பசி, கடைசிப் பேருந்து எல்லாம் வரிசையில் நிற்கும். கீழே உள்ள ஒழுங்கு முழுவதும் அதைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

1. பணம் எங்கிருந்து என்று முதலில் பாருங்கள்

புதியவர்கள் எடுத்தவுடன் விருந்தினருக்குப் போன் செய்துவிடுகிறார்கள். அவரும் சரி என்றுவிடுவார். அதன் பிறகுதான் அரங்கம் காலியில்லை, நிதி இல்லை, துணைவேந்தர் ஊரில் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். ஒருமுறை தேதி மாற்றினால் பொறுத்துக்கொள்வார். இரண்டாம் முறை மாற்றினால் அவருக்கு வேறு வேலை வந்துவிடும்.

அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் அறக்கட்டளைப் பத்திரத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்தப் பொருளில் பேச வேண்டும், ஆண்டுக்கு எத்தனை பேச்சு, பேச்சை அச்சிட்டுத் தர வேண்டுமா, கொடையாளர் குடும்பத்தினரை அழைக்க வேண்டுமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இரண்டு பேச்சுகள் என்று எழுதியிருப்பதைக் கவனிக்காமல் ஒன்றோடு முடித்தவர்கள் உண்டு.

நானும் ஒருமுறை மாட்டினேன். பக்தி இலக்கியத்துக்காக வைத்த அறக்கட்டளையில் நாயக்கர் காலத்து ஏரிப் பாசனம் பற்றிப் பேசவைத்தேன். பேச்சு அருமை. தணிக்கையில் ஆட்சேபம் வந்தது. பதில் எழுதி முடிக்கப் பதினான்கு மாதம்.

தொகையையும் போட்டுப் பாருங்கள். 2 லட்சம் ரூபாய் வைப்புக்கு 6.5 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 13,000 ரூபாய். சென்னையிலிருந்து போகவர ரயில், தங்குமிடம், மதிப்பூதியம், தேநீர், அழைப்பிதழ் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மீதியைத் துறை நிதியில் காட்டலாமா என்று நிதிப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கிடைத்த சம்மதம் பில் போடும் நாளில் யாருக்கும் நினைவிருக்காது.

2. இரண்டு தேதி, ஒரு நேரம், சரியான அளவில் ஓர் அரங்கம்

ஒரு தேதி போதாது, இரண்டைப் பிடித்து வையுங்கள். விருந்தினருக்கு ஒன்று ஒத்துவராவிட்டால் மற்றது கைவசம் இருக்கும். அக மதிப்பீட்டுத் தேர்வு வாரத்தையும், செமஸ்டர் தேர்வு நெருங்கும் அக்டோபர் கடைசி, மார்ச் கடைசியையும் விட்டுவிடுங்கள். ஆகஸ்ட், செப்டம்பர், பிப்ரவரி மூன்றும் நல்ல மாதங்கள்.

சென்னையில் நடத்துகிறவர்கள் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டிய மெட்ராஸ் தின வாரத்தையும் புத்தகக் காட்சி நாட்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கூட்டத்துக்கு வரக்கூடிய அதே ஆட்கள்தான் அங்கேயும் போவார்கள்.

வெளிநாட்டில் பணியாற்றும் தமிழ் ஆய்வாளர்கள் பலர் டிசம்பர், ஜனவரியில் ஊருக்கு வருவார்கள். பயணச் செலவில்லாமல் அவர்கள் கிடைக்கும் காலம் அது. பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் வகுப்பு நடக்கிறதா என்று பார்த்துவிட்டு உடனே கேளுங்கள்.

நேரம் வளாகத்தைப் பொறுத்தது. ஊருக்கு வெளியே இருக்கும் வளாகத்தில் காலை 11 மணிதான் சரி. எங்கள் வளாகத்தில் மாலை 3 மணிக்கு வைத்துப் பார்த்தோம். 4.40-க்கு மாணவர் பேருந்து கிளம்பும். 4.20-க்கு ஒரு பை மூடும் சத்தம் கேட்டது, அப்புறம் நாற்பது பை. விருந்தினர் தன் முக்கியமான ஆவணத்தைத் திரையில் காட்டியது அந்த நேரத்தில்தான். நகரத்து நடுவே இருக்கும் வளாகம் என்றால் மாலை 4.30 நல்லது, வேலை முடித்து வெளியாட்களும் வரலாம். மதியம் 2 மணி எங்கேயும் வேண்டாம். சாப்பிட்ட தூக்கத்தை எந்த ஆய்வும் வெல்லாது.

ராகுகாலம் பார்க்கிறவர்கள் நிர்வாகத்தில் இருப்பார்கள், சண்டை போட்டுப் பயனில்லை. வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகுகாலம். அன்றைக்கு ஜும்மா தொழுகைக்குப் போகும் மாணவர்களும் பாதியில் எழ வேண்டிவரும். திங்கள் அதே நேரத்தில் எமகண்டம். வியாழன் 11 மணிக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு வியாழன் எழுதிவிடுவேன்.

அரங்கத்தைப் பெரிதாக எடுக்காதீர்கள். 300 நாற்காலி அரங்கில் அறுபது பேர் உட்கார்ந்தால் கூட்டம் தோற்றதுபோல இருக்கும், கேள்வி கேட்கவும் கூச்சம் வரும். அதே அறுபது பேர் எழுபது நாற்காலிக் கருத்தரங்கக் கூடத்தில் இருந்தால் நிறைந்த சபை.

3. விருந்தினரைக் கேட்பது

இப்போது போன் செய்யலாம். போனில் பேசிய அன்றே மின்னஞ்சலும் அனுப்புங்கள். நான் அனுப்புவது இந்த அளவுக்குத்தான் இருக்கும்:

"பிப்ரவரி 12 அல்லது 19, இரண்டும் வியாழன், காலை 11 மணி. கேட்பவர்கள் முதுகலை மாணவர்கள் ஐம்பது பேர், ஆய்வாளர்கள் இருபது பேர், ஊரிலிருந்து ஆசிரியர்களும் வாசகர்களும் சிலர். தாங்கள் 45 நிமிடம் பேசவும், பிறகு 30 நிமிடம் கேள்விக்கும் ஒதுக்கியுள்ளோம். தமிழில் பேசினால் மகிழ்வோம். மதிப்பூதியம் இவ்வளவு, இரண்டாம் வகுப்பு ஏசி ரயில் கட்டணம், விருந்தினர் இல்லத்தில் தங்குமிடம்."

பணத்தைப் பற்றி எழுதக் கூச்சப்பட வேண்டாம். சொல்லாமல் விட்டால் அவர் விமான டிக்கெட் எடுத்துவிட்டு வருவார், நம் விதியில் ரயிலுக்குத்தான் இடமிருக்கும். பிறகு இரண்டு பேருக்கும் சங்கடம். மதிப்பூதியம் குறைவு என்றால் குறைவு என்றே சொல்லிவிடுங்கள். நல்ல ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதற்காக வருவதில்லை. ஆனால் முன்கூட்டித் தெரியாததற்காகக் கோபப்படுவார்கள், அது நியாயமும்கூட.

இன்னொன்று. துறைத்தலைவருக்குத் தெரிந்தவர், அவருடைய நெறியாளர், நெறியாளரின் நண்பர் என்று ஒரே வட்டத்தில் சுற்றாதீர்கள். அண்மையில் முனைவர் பட்டம் முடித்தவரை அழைத்துப் பாருங்கள். ஆறு ஆண்டு ஒரே பொருளில் ஊறியவர், புதிதாகச் சொல்ல அவரிடம் இருக்கும், 45 நிமிடத்தை மதிப்பார்.

4. தலைப்பும் சுருக்கமும்

"காலனியம், நவீனத்துவம், பண்பாடு: சில சிந்தனைகள்" என்று தலைப்பு வந்தால் அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள். பணிவாகக் கேளுங்கள்: "ஐயா, மாணவர்களுக்கு எந்த இடம், எந்தக் காலம் என்று தெரிந்தால் ஆர்வம் கூடும்." ஒருமுறை இப்படிக் கேட்டதில் "1876–78 பஞ்சமும் கஞ்சித் தொட்டிகளும்" என்று தலைப்பு மாறி வந்தது. ஊரிலிருந்து பதினைந்து பேர் வந்ததற்கு அந்தக் கஞ்சித் தொட்டிதான் காரணம்.

150 சொல்லில் சுருக்கமும் நான்கு வரியில் தன்குறிப்பும் கேட்டு வாங்குங்கள். சுருக்கத்தைப் படித்துவிட்டு வரும் மாணவர்தான் கேள்வி கேட்பார்.

விருந்தினர் ஆங்கிலத்தில் மட்டும் பேசுவார் என்றால் சுருக்கத்தைத் தமிழில் எழுதி ஒரு பக்கமாக வாசலில் கொடுங்கள். வரிக்கு வரி மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள், 45 நிமிடப் பேச்சு 90 நிமிடமாகிவிடும்.

5. கோப்பு, கடிதம், டிக்கெட்

பெயர், தலைப்பு, தேதி, அரங்கம், செலவு மதிப்பீடு, நிதித் தலைப்பு ஆறும் ஒரே குறிப்பில் இருக்கட்டும். ஒன்று விடுபட்டாலும் கோப்பு ஒரு கேள்வியோடு திரும்பி வரும், ஒரு வாரம் போகும். எட்டு வாரத்துக்கு முன்னால் கோப்பை நகர்த்துங்கள்.

அனுமதி வந்தவுடன் பல்கலைக்கழகக் கடிதத்தாளில் அழைப்புக் கடிதம். விருந்தினர் வேறொரு கல்லூரியில் பணியில் இருந்தால் அந்தக் கடிதத்தை வைத்துத்தான் அவர் பணிநிமித்த விடுப்புக் கேட்க முடியும். மின்னஞ்சல் மட்டும் அவருடைய முதல்வருக்குப் போதாது.

ரயில் முன்பதிவு இப்போது பயணத்துக்கு 60 நாள் முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பர் வரை 120 நாளாக இருந்தது. சென்னைக்கும் தென் மாவட்டங்களுக்கும் இடையே ஓடும் இரவு ரயில்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், திறந்த வாரத்திலேயே எடுங்கள். விடுமுறையை ஒட்டிய நாள் என்றால் அன்று காலையிலேயே.

6. அழைப்பிதழ்

இந்த ஒரு பக்கத்தில் நடக்கும் சண்டை மற்ற எல்லா வேலையையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். யார் பெயர் மேலே, யார் தலைமை, யார் முன்னிலை, யார் வாழ்த்துரை என்பதைத் துறைத்தலைவரிடம் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு அச்சுக்குக் கொடுங்கள். பதவிப் பெயர்களைப் பதிவாளர் அலுவலகத்தில் சரிபாருங்கள். பொறுப்பு அதிகாரியை "பொறுப்பு" என்று போடாமல் விட்டாலும் தப்பு, போட்டாலும் சிலருக்கு முகம் சுருங்கும். அலுவலகம் சொன்னபடி போடுங்கள், பழி அவர்களுடையது.

வாழ்த்துரை ஒன்றுக்கு மேல் வேண்டாம். நான்கு பேர் கேட்டால் ஒருவருக்கு வாழ்த்துரை, ஒருவருக்கு வரவேற்புரை, ஒருவருக்கு விருந்தினர் அறிமுகம், ஒருவருக்கு நினைவுப் பரிசு வழங்குதல். எல்லார் பெயரும் அச்சில் இருக்கும், நேரமும் தப்பும்.

7. ஆள் சேர்ப்பது

அரங்கத்தை நிரப்ப வேறு துறை முதலாமாண்டு மாணவர்களை வரிசையாக ஓட்டி வருவது ஒரு பழக்கம். கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பிடும் நாக் அமைப்புக்கான அறிக்கைக்கு இருப்பிடக் குறியோடு படம் வேண்டும், படத்தில் தலைகள் வேண்டும். அதற்காக வந்த பிள்ளைகள் பின்வரிசையில் போன் பார்ப்பார்கள். முன்வரிசையில் அதிகாரிகள் கடிகாரம் பார்ப்பார்கள். நடுவில் விருந்தினர் யாரைப் பார்த்துப் பேசுவார்?

அதற்குப் பதில் பேச்சோடு தொடர்புள்ள தாள் நடத்தும் ஆசிரியரைப் பிடியுங்கள். அந்த வாரம் அவர் வகுப்பில் விருந்தினரின் கட்டுரை ஒன்றைப் படிக்க வைக்கட்டும். இருபது பேர் படித்துவிட்டு வந்தால் போதும், கூட்டத்தின் தரமே மாறிவிடும்.

பொதுச் சொற்பொழிவு என்றால் பொதுமக்களும் வர வேண்டும். பக்கத்துக் கல்லூரிகள், மாவட்ட மைய நூலகம், ஊரில் இருக்கும் வாசகர் வட்டம், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் பத்து நாள் முன்பு ஒருமுறை, முந்தின நாள் மாலை ஒருமுறை அனுப்புங்கள். இரண்டாவது செய்திதான் ஆளைக் கொண்டுவருகிறது.

வாசல் காவலரிடம் சொல்லி வைக்க மறக்காதீர்கள். பேருந்து மாறி மாறி வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை "அனுமதிச் சீட்டு எங்கே?" என்று நிறுத்திவைத்தார்கள். அவர் உள்ளே வந்தபோது நன்றியுரை நடந்துகொண்டிருந்தது.

8. முந்தின நாள் அரங்கத்தில் ஒரு மணி நேரம்

விருந்தினரின் காட்சிக் கோப்பை முந்தின நாளே வாங்கி, அரங்கத்துக் கணினியிலேயே திறந்து பாருங்கள். தமிழ்த் துறை, வரலாற்றுத் துறைக்காரர்கள் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்கிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கல்வெட்டு வரி முழுவதும் ஆங்கில எழுத்தும் குறியுமாகச் சிதறிக் கிடக்கும். யூனிகோடு இல்லையென்றால் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக வந்த கோப்பு வேண்டாம், கல்வெட்டுப் படியில் எழுத்தே தெரியாது.

புரொஜெக்டரில் விஜிஏ, மடிக்கணினியில் எச்டிஎம்ஐ அல்லது சிறிய சி வகைத் துளை. இணைப்பான் இரண்டு வகையும் துறை அலமாரியில் நிரந்தரமாக இருக்கட்டும்.

மைக்கை நீங்களே கடைசி வரிசையில் நின்று கேளுங்கள். மின்விசிறி ஓடும்போது கேட்க வேண்டும், காலி அரங்கில் எல்லா மைக்கும் நன்றாகத்தான் கேட்கும். சட்டையில் குத்தும் மைக் என்றால் பொன்னாடை போர்த்தியபின் குத்துங்கள். முன்பே குத்திவிட்டால் சரிகை உரசி ஒலிபெருக்கியில் சரசரவென்று பாம்பு ஓடுவதுபோல் கேட்கும். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுப்பது இன்னும் நல்லது, மைக்குக்கும் விருந்தினருக்கும். கேள்விக்குத் தனியாக ஒரு கையடக்க மைக்கும், புது பேட்டரியும், அதைத் தூக்கி ஓட ஒரு மாணவரும் வேண்டும்.

ஒளிப்பதிவுக்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். இன்னும் அச்சாகாத ஆய்வைப் பேசுகிறவர் அது யூடியூபில் வருவதை விரும்பாமல் இருக்கலாம்.

9. அன்றைய நிரல், நிமிடக் கணக்கில்

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 விநாடி. 2021 டிசம்பர் அரசாணைப்படி பதிவை ஒலிக்கவிடாமல் பயிற்சி பெற்றவர்களே பாட வேண்டும். மூன்று மாணவிகளை இரண்டு நாள் முன்பே பாடிப் பார்க்கச் சொல்லுங்கள். தொடக்கம் சுருதி தப்பினால் சபை சிரிப்போடு ஆரம்பிக்கும்.

11.01-க்கு வரவேற்புரை மூன்று நிமிடம். தலைமையுரையும் வாழ்த்துரையும் சேர்ந்து எட்டு நிமிடம். அறிமுகம் மூன்று நிமிடம். 11.15-க்கு விருந்தினர் மேடையில் நிற்க வேண்டும். 12 மணி வரை பேச்சு, 12.30 வரை கேள்வி, நன்றியுரை, நாட்டுப்பண். 12.40-க்கு எல்லாம் முடிந்துவிடும். அதற்கு மேல் பசி பேசும்.

அறிமுக உரைதான் வழக்கமாக நேரத்தை விழுங்குகிறது. ஆறு பக்கத் தன்விவரக் குறிப்பை முதல் வரியிலிருந்து படிப்பார்கள், விருந்தினர் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அறிமுகம் செய்பவரிடம் நான்கு வரியை அச்சிட்ட சீட்டாகக் கொடுங்கள். சீட்டு சிறியதாக இருந்தால் பேச்சும் சிறியதாகிறது, காரணம் எனக்குத் தெரியாது.

துணைவேந்தர் தாமதமானால் காத்திருக்காமல் தொடங்குவது எப்படி என்று முந்தின நாளே துறைத்தலைவரிடம் முடிவு கேட்டு வையுங்கள். அன்று காலை அந்தத் தைரியம் யாருக்கும் வராது. நாங்கள் செய்வது இதுதான்: பத்து நிமிடம் பார்ப்போம், பிறகு பேச்சைத் தொடங்கிவிடுவோம். அவர் எப்போது வந்தாலும் பேச்சு முடிந்தபின் தலைமையுரை. நிறைவில் பேசுவது கௌரவம் என்றுதான் அவரிடம் சொல்வோம், அதுவும் பொய்யில்லை.

10. கேள்வி நேரம்

"எனக்குக் கேள்வி இல்லை, ஒரு கருத்து" என்று ஆரம்பிப்பவர் எல்லாச் சபையிலும் இருப்பார். கருத்து ஒன்பது நிமிடம் ஓடும். மைக்கை அவர் கையில் கொடுக்காமல் மாணவரே பிடித்துக்கொண்டு நின்றால் பேச்சு தானாகச் சுருங்கும். இதற்காகவே உயரமான மாணவரைத் தேர்ந்தெடுப்போம்.

முதல் மூன்று கேள்வி மாணவர்களுக்கு என்று அறிவித்துவிடுங்கள். பேராசிரியர் முதலில் கேட்டுவிட்டால் அதன்பின் எந்த மாணவரும் வாய் திறக்கமாட்டார். கூச்சப்படுகிறவர்களுக்காகச் சீட்டும் பேனாவும் வரிசைக்கு வரிசை போகட்டும். சீட்டில் வரும் கேள்விகள்தான் பெரும்பாலும் நேரடியாக இருக்கும்.

யாரும் கேட்காமல் மௌனம் நீடித்தால் ஒருங்கிணைப்பாளர் தயாராக ஒரு கேள்வி வைத்திருக்க வேண்டும். "இந்த ஆவணம் உங்கள் கைக்கு எப்படிக் கிடைத்தது?" என்பது எனக்கு இதுவரை ஒருமுறையும் பொய்த்ததில்லை.

தேநீரைக் கூட்டம் முடிந்தபின் வையுங்கள். நடுவில் கொடுத்தால் பாதிப் பேர் திரும்பமாட்டார்கள். முடிந்தபின் என்றால் கிளாஸும் கையுமாக விருந்தினரைச் சுற்றி மாணவர்கள் நிற்பார்கள். மேடையில் கேட்க முடியாததை அங்கே கேட்பார்கள்.

11. அன்றே வாங்க வேண்டிய கையெழுத்துகள்

விருந்தினர் கிளம்புவதற்கு முன் மதிப்பூதிய ரசீதில் கையெழுத்து வாங்குங்கள். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். பல்கலைக்கழக வளாகத்தில் அது கிடைக்காது, முதல் நாளே தபால் நிலையத்தில் வாங்கிவிடுங்கள். பான் அட்டை நகல், வங்கிக் கணக்கு எண்ணோடு ஐஎஃப்எஸ்சி, வந்த டிக்கெட், திரும்பும் டிக்கெட் எல்லாம் ஒரே உறையில்.

தொழில்முறைக் கட்டணத்துக்கு வரிப்பிடித்த வரம்பு 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 30,000 ரூபாயிலிருந்து 50,000 ஆக உயர்ந்தது. இருந்தும் சில அலுவலகங்களில் எந்தத் தொகைக்கும் 10 சதவீதம் பிடிக்கும் பழக்கம் இருக்கிறது. உங்கள் நிதிப் பிரிவு என்ன செய்யும் என்று கேட்டு, விருந்தினரிடம் கைக்கு வரும் தொகையைச் சொல்லுங்கள்.

வருகைச் சான்றிதழைத் தேதி போட்டு, கையெழுத்து முத்திரையோடு அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். "தபாலில் அனுப்புகிறோம்" என்றால் அவருடைய கல்லூரியில் அது வரும்வரை விடுப்புப் பதிவு ஆகாது. அவர் நாலு முறை போன் செய்வார், நாம் நாலு முறை மன்னிப்புக் கேட்போம்.

மாணவர் கையெழுத்துப் பட்டியல், நான்கு படம், ஒரு பக்க அறிக்கை மூன்றையும் அந்த வாரத்துக்குள் உள்தர மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்பிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து யாரிடம் கேட்டாலும் கிடைக்காது.

பில் அனுப்பிவிட்டோம் என்று கோப்பை மூடிவிடாதீர்கள். மூன்று வாரம் கழித்து விருந்தினருக்கு ஒரு போன்: "ஐயா, பணம் வந்ததா?" பாதி நேரம் வந்திருக்காது. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறிக் கிடக்கும், அதை நீங்களாகப் போய்க் கேட்காமல் யாரும் சொல்லப்போவதில்லை.